ஜீனோவுக்கு இரண்டு புள்ளி

என் தொழில் ஃப்ளெக்ஸ். திருச்சி தில்லைநகரில் ஒரு கடையில் உட்கார்ந்து காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, வட்டச் செயலாளர் பிறந்தநாள் என்று நாள் முழுக்க முகங்களை வெட்டி ஒட்டுகிறவன். ஒரே பேனரில் நாற்பது முகம் வைத்திருக்கிறேன். யார் முகம் யார் முகத்தைவிட அரை அங்குலம் பெரிசு என்பதற்காக ராத்திரி பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் கையில் ஒரு புத்தகத்துக்கு அட்டை போடுகிற வேலை சிக்கினால் என்ன ஆகும்? மூன்று வாரம் தூக்கம் போயிற்று. போனால் போகட்டும். இத்தனை வருஷத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், உங்களையும் விடுவதாக இல்லை.

புத்தகம் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. கடையில் வாங்கிய பிரதி இல்லை. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்த பிரதி. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பைண்டு புத்தகமாவது இருக்கும். கதை ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் மாவு மில் விளம்பரமோ வாசகர் கடிதமோ வந்து விழும். அம்மா தமிழ் டீச்சர். தொடரும் போட்ட இடங்களில் எல்லாம் சிவப்பு மசியில் ஒரு டிக் அடித்திருக்கிறார், என்னமோ அத்தியாயத்தைத் திருத்தி மார்க் போட்டமாதிரி. என் அண்ணன், நான், சித்தி பையன்கள் எல்லோரும் புரட்டிப் புரட்டி முதுகு பிய்ந்து, அட்டை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கமாகி, கடைசியில் ரப்பர் பேண்டு போட்டு பீரோவில் கிடந்தது. போன வருஷம் ரப்பர் பேண்டும் இற்றுவிட்டது. அம்மா அதை என் முன்னால் வைத்து, “ஊர்ல இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் போஸ்டர் அடிக்கிறியே, இதுக்கு ஒரு அட்டை போட்டுக் குடுக்க மாட்டியா?” என்றார். அவ்வளவுதான் ஆர்டர். அட்வான்ஸ் கிடையாது.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வருஷம் 2021. நாட்டை ஆள்வது ஜீவா. எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும், குழந்தை பெற்றுக்கொள்ளவும் வேண்டும். பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டில் பங்கு கேட்டு ரவி வந்து சேர்கிறான், அவன் பின்னாலேயே ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். அந்த நாய் புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்க யோசிக்கிறது, யோசிக்க யோசிக்க வாயாடுகிறது. மற்றதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நிஜமான 2021 வந்தபோது பக்கத்து மாவட்டத்துக்குப் போகக்கூட இ-பதிவு செய்யவேண்டியிருந்ததே, அப்போது எனக்கு அடிக்கடி நிலா ஞாபகம் வந்தது.

முதல் வாரம் நான் செய்தது அத்தனையும் குப்பை. கைப்பழக்கம் அப்படி. ரோபோ என்றதும் பளபளக்கும் எஃகு முகம், பின்னால் நீல வெளிச்சம், சர்க்யூட் போர்டு, மேலே மின்னல். பார்த்தால் மொபைல் சர்வீஸ் கடைத் திறப்பு விழா பேனர் மாதிரியே இருந்தது. ‘அனைவரும் வருக’ ஒன்றுதான் பாக்கி. கடையில் கூட வேலை பார்க்கிற பையன் எட்டிப் பார்த்து, “அண்ணே, ஷாப் எங்க?” என்று கேட்டே விட்டான். அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தேன்.

பிறகு தேடித் தேடி மற்றவர்கள் போட்ட அட்டைகளைப் பார்த்தேன். அதற்குள் விழுந்தால் எழுந்து வர மனசே வராது. பர்ஜெஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவலுக்கு 1972-ல் பெங்குவினுக்காக டேவிட் பெல்ஹாம் போட்ட அட்டை: ஒரு தொப்பிக்காரன், முகத்தில் மூக்கும் இல்லை வாயும் இல்லை, ஒரு கண் மட்டும், அதுவும் பல்சக்கரம். வேறொருவரிடம் கொடுத்திருந்த படம் சரியாக வராமல், கடைசி நேரத்தில் ஒரே ராத்திரியில் போட்டாராம். ஆர்வெல்லின் ‘1984’-க்கு 2013-ல் டேவிட் பியர்சன் போட்டது இன்னும் துணிச்சல். புத்தகத்தின் பெயர் மேலேயே கறுப்புப் பட்டை, தணிக்கை செய்தமாதிரி. எழுத்து உள்ளே அமுங்கி, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும். நம் பக்கத்திலும் ஆள் உண்டு. இதே திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் எத்தனை தமிழ்ப் புத்தகங்களுக்கு முகம் கொடுத்திருக்கின்றன! இவர்களுடைய வேலையில் ஒன்று கவனித்தேன்: யாரும் கதையைப் படமாக வரையவில்லை. கதையிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். பேனர்காரனுக்கு இது பெரிய பாடம். நாற்பது முகம் வைத்துப் பழகியவனிடம் ஒன்றே ஒன்றை வை என்றால் கை நடுங்குகிறது.

அந்த ஒன்று எனக்குக் கிடைத்தது கம்ப்யூட்டரில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்த டிபன் பாக்ஸைச் சுற்றியிருந்த காகிதத்தில் தலைப்பைச் சும்மா பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன். என் இனிய. கீழே, இயந்திரா. மறுபடி, மறுபடி. நாலாவது தடவை எழுதும்போது கண்ணில் பட்டது. இந்தத் தலைப்பில் எத்தனை புள்ளி? எண்ணிப் பாருங்கள். ‘என்’னில் ஒன்று. ‘இயந்திரா’வில் ஒன்று. மொத்தமே இரண்டு.

இரண்டு புள்ளி. இரண்டு கண்!

சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன். இத்தனை வருஷமாக அந்த நாய் தலைப்புக்குள்ளேயே உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை!

ஆனால் ஒரு சிக்கல். இரண்டு வரியாக எழுதினால் ஒரு புள்ளி மேலே இடது பக்கம், இன்னொன்று கீழே வலது பக்கம். கண் என்றால் சமமாக இருக்க வேண்டாமா? ஒரே வரியில் அடித்துப் பார்த்தேன். எழுத்து எறும்பாகிவிட்டது, கண்ணும் கண்ணும் பக்கத்துத் தெருவில் இருக்கிறமாதிரி விலகிப் போயின. இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் டீக்கடையில் நிற்கிறேன், எதிரே தெருநாய் ஒன்று. என் கையில் வர்க்கி. நான் ‘ச்சூ’ என்றேன். அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. அந்த வர்க்கியை அப்படியே அதற்குக் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். ஜீனோ தலையைச் சாய்த்துத்தானே கேட்கும்! நாய் எப்போது தலையைச் சாய்க்கிறது? நாம் சொல்வது புரிந்தும் புரியாமலும் இருக்கும்போது. அந்த நாவல் முழுக்க ஜீனோ செய்வது அதைத்தானே?

ராத்திரி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “ரெண்டும் மெய்யெழுத்துடா” என்றார்.

“ஆமா, அதனாலதானே புள்ளி.”

“மண்டு. மெய்யின்னா உடம்பு. உயிர் சேராத உடம்புன்னு காட்டத்தான் தலையில புள்ளி வைக்கிறோம். அதைக் கொண்டுபோய் மிஷின் நாய்க்குக் கண்ணா வெச்சிருக்கே. தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?”

தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கண் வந்தாயிற்று, நாய் வரவேண்டுமே. புள்ளி என்றதும் திருச்சிக்காரனுக்கு அடுத்து என்ன தோன்றும்? காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும், வாசலுக்கு வாசல் பதில் இருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். சுஜாதா என்கிற ரங்கராஜன் பாட்டி வீட்டில் வளர்ந்து, கீழச்சித்திரை வீதியில் கிரிக்கெட் ஆடி, ஸ்ரீரங்கத்து உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்த ஊர் அது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் ராஜகோபுரம் கிடையாது; தெற்கு வாசலில் மொட்டைக் கோபுரம்தான். 13 நிலையும் முடிந்து சம்ப்ரோக்ஷணம் நடந்தது 1987-ல். தொடர் வந்த அதே எண்பதுகளில் கோபுரமும் எழுந்துகொண்டிருந்தது என்பது எனக்கு எப்போதும் ஒரு குஷி.

அடையவளஞ்சான் தெருவில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு மாமி. மார்கழியில் அவர் வாசலில் கோலம் பார்க்கவே ஆள் நிற்கும். விஷயத்தைச் சொன்னேன்.

“நாய்க்காடா கோலம்?”

“சாதாரண நாய் இல்ல மாமி. புஸ்தகம் படிக்கிற நாய்.”

“ரங்கராஜனோட நாயா? அத மொதல்லயே சொல்லப்படாதோ! உக்காரு.”

கோலமாவு டப்பாவைத் திறந்து திண்ணையிலேயே ஆரம்பித்தார். “பதிமூணு புள்ளி. ஊடுபுள்ளி. ஏழுல நிறுத்து.” எனக்கு ஊடுபுள்ளி என்றால் என்னவென்றே அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. நேர்ப்புள்ளியில் ஒன்றின் கீழ் ஒன்று வரும். ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வந்து உட்காரும். நடுவில் 13, மேலும் கீழும் 12, 11, 10 என்று குறைந்து இரண்டு முனையிலும் 7. அறுகோணம். மாமியின் விரலிடுக்கிலிருந்து மாவு சொட்டிச் சொட்டி விழுந்த வேகம் இருக்கிறதே, எங்கள் கடை பிரிண்டர் ஹெட் தோற்றது. அளவுகோல் இல்லை, நூல் இல்லை, ஒரு புள்ளி விலகவில்லை.

மொத்தம் எத்தனை புள்ளி என்று போனில் கூட்டிப் பார்த்தேன். 127.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தது, பொறுத்துக்கொள்ளுங்கள். 127 என்பது ஏழு பிட்டில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண். ஏழு ஒன்றுகள். அந்த அறுகோணத்தை நடுவிலிருந்து பார்த்தால் நடுப்புள்ளி ஒன்று, அதைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12, பிறகு 18, 24, 30, 36. நடுப்புள்ளியையும் சேர்த்தால் ஏழு சுற்று. நான் உட்கார்ந்திருந்த ஊரில் பெருமாளைச் சுற்றி ஏழு பிராகாரம். வரிசைகள் 13; கோபுர நிலை 13. எல்லாம் யதேச்சைதான், எனக்கும் தெரியும். மாமியிடம் சொன்னேன். “நீ எண்ணிண்டே இரு, காபி ஆறிடும்” என்றார்.

கோலத்தைக் கணக்காகப் பார்த்தது நான் ஒருவன் இல்லை என்பது மட்டும் ஆறுதல். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். சுஜாதா எலெக்ட்ரானிக்ஸ் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலிருந்து தாம்பரம் இரண்டாவது ஸ்டேஷன்.

மாமிக்கு ஒரு பிடிவாதம். சிக்குக் கோலம் என்றால் இழை புள்ளியைத் தொடக் கூடாது, சுற்றிக்கொண்டு போகவேண்டும், புறப்பட்ட இடத்துக்கே வந்து மூடவேண்டும். நான் கேட்டது தலையைச் சாய்த்த நாய். ஒரு காது மடங்கவேண்டும், ஒரு காது நிமிரவேண்டும், இரண்டு குறிப்பிட்ட புள்ளி மட்டும் கண்ணாகத் தனித்து நிற்கவேண்டும். மூன்று தடவை போட்டு அழித்தார். முதலாவது பூனை. இரண்டாவது, சொன்னால் கோபித்துக்கொள்வார், பன்றி. நாலாவதில் வலது கண்ணை ஒரு வரிசை இறக்கி, மடங்கிய காதை விளிம்புப் புள்ளியோடு வளைத்து, இழையைக் கொண்டுவந்து மூடினார். நாய்! அதுவும் என்னமோ கேட்கிற நாய். வால் மட்டும் அடங்கவில்லை. “வாலுக்குத் தனி இழை போட்டாத்தான் உண்டு. வேண்டாம்னா விட்டுடு. மிஷினுக்கு எதுக்கு வாலு?” வாலை விட்டுவிட்டேன். அதுவும் நல்லதாயிற்று, முகம் மட்டும் நின்றது.

நிறத்துக்கு அதிகம் யோசிக்கவில்லை. கோலத்துக்குப் பக்கத்தில் காவி இருக்கும். ஆகவே செம்மண் நிறக் காலிகோ துணி, வெள்ளை இழை. கண்ணுக்குத்தான் போராட்டம். நீலம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. இன்றைக்கு எல்லா ரோபோவுக்கும் நீலக் கண். பிரகாசமான நீல எல்.இ.டி. வந்ததே 1993 வாக்கில்தான். அதற்காக ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-ல் நோபலே கொடுத்தார்கள். எண்பதுகளில் பிறந்த ஜீனோவுக்கு அது எங்கே கிடைத்திருக்கும்? சிவப்பு வைத்தால் வில்லன். பச்சை என்று சொன்னது அண்ணன். அவனுக்குத் தேர்தல் டூட்டி பழக்கம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் உங்கள் முறை வந்ததும் மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியுமே, ‘ரெடி’ என்று? பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அந்த இயந்திரம் உருவானதில் சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1982-ல் கேரளத்துப் பரவூரில் முதல் தடவையாக அதில் ஓட்டுப் போட்டார்கள். வேறு யோசனையே வேண்டாம். ஜீனோவின் கண் அந்தப் பச்சைதான்.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பைண்டிங் செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு திருகு பிரஸ், மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை ஒரு வாளி. ரப்பர் பேண்டு சுவடு பதிந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“எல்லாம் ஒத்தத் தாளு தம்பி. மடிப்பு இல்ல. ஓரத்துல ஓட்டை போட்டுத்தான் தைக்கணும். புஸ்தகம் பப்பரப்பான்னு விரியாது, பரவாயில்லையா?”

“விரியலன்னா எப்படிப் படிக்கிறது பாய்?”

“அப்ப ஓரத்துல ஒட்டுத்தாள் குடுத்து, ரெண்டு ரெண்டா மடிப்பாக்கித் தெக்கிறேன். நாலு நாள் ஆவும். அவசரம்னா வேற ஆளப் பாரு.”

ஒட்டுத்தாள் என்று அவர் சொன்னது விரல் அகல மெல்லிய தாள் பட்டை. இரண்டு ஒற்றைத் தாளை அதில் ஒட்டினால் மடித்த தாள் ஆகிவிடும், நடுவில் தைக்கலாம். அத்தனை பக்கத்துக்கும் அப்படிச் செய்தார். எனக்கானால் பைத்தியமே பிடித்திருக்கும்.

அச்சுதான் காலை வாரியது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் இடத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கொடுத்தேன். இழை அருமையாக விழுந்தது. புள்ளிதான் விழவில்லை, காலிகோ நெசவுக்குள் மை பரவி ஒவ்வொன்றும் வீங்கிப் போயிற்று. ஜீனோவுக்கு அம்மை போட்டமாதிரி இருந்தது. துணி வீண், காசு வீண். பாயிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஒன்றும் பேசாமல் முனை மழுங்கிய குத்தூசி ஒன்றை எடுத்து, மீந்த துணி ஒட்டிய அட்டைத் துண்டில் வைத்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். சின்னக் குழி. கச்சிதமான வட்டம்.

“மை எதுக்கு? புள்ளின்னா இதான புள்ளி.”

எனக்கு உடனே அந்த ‘1984’ அட்டை ஞாபகம் வந்தது. பியர்சன் அமுக்கிய எழுத்து, தெப்பக்குளத்துச் சந்தில் அமுக்கிய புள்ளி! இழையை மட்டும் புதுத் துணியில் வெள்ளையாக அடித்தோம். கண் இரண்டு போக மீதி 125 புள்ளியையும் பாய் ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஐம்பது தாண்டியதும் அவர் கை தாளம் பிடித்துவிட்டது, டக், டக், டக். கடைசியாக அந்த இரண்டு இடத்தில் பச்சை ஃபாயில். அதே இரண்டும் தலைப்பின் புள்ளிகள். ன் மேல் ஒன்று, ந் மேல் ஒன்று. எழுத்தை வெள்ளையில் மெல்லியதாக விட்டு, புள்ளியை மட்டும் நாயிடம் கொடுத்துவிட்டேன். முதலில் பார்ப்பவருக்கு நாய்தான் தெரியும். அப்புறம்தான் தலைப்பு தெரியும். அதற்கப்புறம் இரண்டுக்கும் கண் ஒன்றே என்று தெரியும்போது வரும் பாருங்கள் ஒரு ‘அட!’, அதற்காகத்தான் அந்த மூன்று வாரமும்.

ஆசிரியர் பெயர் முன்னட்டையில் இல்லை. மறந்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். ஜீவாவின் ஆட்சியில் இரண்டு எழுத்துக்குத்தான் அனுமதி. சு, ஜா, தா மூன்றாகிறது. முதுகில் ஒளித்து வைத்திருக்கிறேன், அலமாரியில் வைத்தால் மட்டும் தெரியும்படி.

புத்தகத்தை மாமியிடம் காட்டப் போனேன். கண்ணாடி உள்ளே இருந்தது. எடுத்துவரச் சோம்பல்பட்டு, விரலாலேயே மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். பத்தாவது வரிசையில் விரல் நின்றது. “இங்க ஒண்ணு தள்ளி வெச்சிருக்கான் பாரு.” பார்த்தேன். முடி அகலம் தள்ளியிருந்தது. பாயிடம் சொல்லவில்லை.

அம்மா அன்றைக்கு ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். டிக் அடித்த இடங்களையெல்லாம் திரும்பப் பார்த்தார், தாள் நடுவில் நன்றாக விரிவதைப் பாய்க்காகப் பாராட்டினார். காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மேஜைமேல் போன மாதக் காலண்டர் தாளில் பொதிந்து, மூலை மடித்து, பசை போட்டு, மேலே அழகாக ‘எ.இ.இ.’ என்று எழுதிய ஒரு புத்தகம்.

“அம்மா!”

“செம்மண் கலர்டா, அழுக்காயிடும். உள்ள அட்டை பத்திரமா இருக்கட்டும்.”

அந்தக் காலண்டர் தாளில் இரண்டே இரண்டு ஓட்டை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது.